உறுதி அவள் பெயரில், சம்மதம் அவன் கையில்: பால்நிலைக் கோட்பாட்டை வடக்கிலிருந்து வாசித்தல்

வடக்கில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்த பலருக்குத் தொண்டைமானாறு என்ற பெயர் முதலில் ஒரு வினாத்தாளின் தலைப்பாகத்தான் அறிமுகமாகியிருக்கும். அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களைச் செய்து பார்க்காமல் பரீட்சைக்குப் போனவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு அது செல்வச்சந்நிதி முருகனின் ஊர், நீரேரி கடலோடு சேரும் ஊர்.

அந்த ஊரில் ஒரு பெண் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, "பால்நிலைக் கற்கையில் முதுமாணி செய்யப்போறன்" என்று வீட்டில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" இரண்டாவது, "எங்கட பெண் பிள்ளையளுக்குத்தானே வீடும் காணியும் சீதனமாய்க் குடுக்கிறம். பிறகு என்ன பெண்ணியம்?"

முதலாவது கேள்விக்குக் கடைசியில் வருவோம். இரண்டாவது கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தெற்காசியாவின் பல பகுதிகளில் பெண்ணுக்குக் காணி எழுதுவதே அரிது. யாழ்ப்பாணத்திலோ கலியாணத்துக்கு முன் வீடும் காணியும் மகளின் பெயருக்கு மாற்றப்படுவதும், மாப்பிள்ளை மனைவியின் வீட்டில் வந்து குடியிருப்பதும் வழமையாக இருந்து வந்திருக்கின்றன. அப்படியானால் ஆணாதிக்கம் எங்கே இருக்கிறது? பட்டப்பின்படிப்பில் பால்நிலைக் கோட்பாடு கற்பிப்பது இந்த மாதிரிக் கேள்வியை எப்படி அணுகுவது என்பதைத்தான். அதை விளங்கிக்கொள்ள வீட்டு அலுமாரியில் இருக்கும் காணி உறுதியை விடச் சிறந்த பாடநூல் வடக்கில் கிடையாது.

பால், பால்நிலை

முதல் வகுப்பில் பேசப்படுவது சொற்கள் பற்றியே. 'பால்' என்பது உடல் சார்ந்த வேறுபாடு. 'பால்நிலை' என்பது அந்த வேறுபாட்டின் மேல் சமூகம் கட்டியெழுப்பும் கடமைகள், உரிமைகள், எதிர்பார்ப்புகள், தண்டனைகள். தமிழ்நாட்டில் இதற்குப் 'பாலினம்' என்ற சொல் பெரிதும் வழங்குகிறது. இலங்கையில் 'பால்நிலை' நிலைத்துவிட்டது. அதேபோல் அங்கே 'பெண்ணியம்' என்பதை இங்குள்ள ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் 'பெண்நிலைவாதம்' என்றும் எழுதி வந்துள்ளார்கள்.

பெண்ணாகப் பிறப்பதற்கும் பெண்ணாக ஆக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை சிமோன் த பொவ்வா 1949 இல் விரிவாக எழுதினார். வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்கொட் 1986 இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். பால்நிலை என்பது பெண்களைப் பற்றிய தனித் தலைப்பு மட்டுமல்ல, அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை வாசிக்க உதவும் ஒரு கருவி என்றார் அவர். சட்டம், வரி, போர், காணி என எதை எடுத்தாலும் அந்தக் கருவியை அதன் மீது வைத்துப் பார்க்கலாம். 1990 இல் ஜூடித் பட்லர் 'பால்' என்பதைக்கூட இயற்கையான அடித்தளமாக அப்படியே ஏற்கலாமா என்று கேட்டார். வகுப்பில் அதிகம் விவாதிக்கப்படும் இடமும் அதுதான்.

இலங்கையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களுக்கிடையிலான உறவை மட்டுமே குற்றமாக்கியது. 1995 இல் 'ஆண்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஆள்' என்ற பொருள்படும் சொல் இடப்பட்டது. பார்வைக்கு இது சமத்துவமான மொழி. விளைவோ, பெண்களும் குற்றவாளிகளாக்கப்படக்கூடிய நிலை. எழுத்தில் உள்ள சமத்துவமும் வாழ்வில் உள்ள சமத்துவமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை இப்படித்தான் மாணவர்கள் கற்கிறார்கள்.

தேசவழமை என்ற பாடநூல்

இப்போது காணி உறுதிக்கு வருவோம். வடமாகாணத் தமிழர்களின் சொத்துரிமையை ஆளும் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை அதைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புதல் அளித்தார்கள். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

பால்நிலைக் கற்கை மாணவி இங்கே கேட்கும் முதற்கேள்வி மிக எளிமையானது. வழமை எது என்று சொன்னது யார்? ஒரு ஒல்லாந்த அதிகாரியும் பன்னிரண்டு ஆண்களும். பெண்களின் வாய்மொழி அதில் பதிவாகவில்லை.

இரண்டாவது கேள்வி, வழமை மாறாததா என்பது. பழைய முறைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. ஆனால் போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இரண்டு சொத்துகளிலிருந்தும் சீதனம் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது என்று அந்தத் தொகுப்பே கூறுகிறது. அதாவது எழுதப்பட்ட நாளிலேயே அது மாறிக்கொண்டிருந்த வழமைதான். அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் இருந்தது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதோடு அது செத்துப்போயிற்று. அந்தப் பகுதி போனதால் யாழ்ப்பாணத்தின் பண்பாடு அழிந்துவிட்டதாக இன்று எவரும் சொல்வதில்லை.

1911 இன் சட்டம் சொல்வது

இன்று நடைமுறையில் முக்கியமானது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். இது 1947 இல் திருத்தப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் மனைவியின் சீதனக் காணி அவளுடைய தனிச்சொத்து. கணவனின் கடனுக்காக அதை எடுக்க முடியாது. இது பெண்ணுக்குச் சாதகமான பகுதி.

ஆனால் 6 ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. நகை, பணம் போன்ற அசையும் சொத்தை அவள் விரும்பியபடி கையாளலாம். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாக எழுதவோ ஈடுவைக்கவோ வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அதே காணியை மரணசாசனத்தின் மூலம் யாருக்கும் எழுத அவளுக்குச் சம்மதம் தேவையில்லை. அதாவது தான் இறந்த பின் தன் காணி யாருக்குப் போகவேண்டும் என்பதை அவளே முடிவு செய்யலாம். உயிரோடு இருக்கும்போது முடிவு செய்யத்தான் இன்னொருவரின் கையெழுத்து வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு மணமான பெண்ணுக்கு மட்டுமே உரியது. மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தங்கள் காணியைத் தாங்களே விற்கலாம். படிப்போ, அனுபவமோ, வயதோ இங்கே அளவுகோல் இல்லை. கலியாணம் ஒன்றுதான் அளவுகோல்.

இது அந்தக் காலத்து உலகவழக்கம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. 1923 இல் இயற்றப்பட்ட மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம், இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவிமாருக்கு இந்தத் தடையை நீக்கிவிட்டது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு அது பொருந்தாது. ஆகவே ஒரே வங்கியில், ஒரே மேசையில் வேலை செய்யும் இரண்டு மணமான பெண்களில் ஒருவர் தன் காணியைத் தனியே ஈடுவைத்துக் கடன் எடுக்கலாம். மற்றவர் கணவனைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போகவேண்டும்.

கலியாணத்துக்குப் பின் உழைத்துத் தேடும் தேடியதேட்டத்திலும் இதே கதைதான். இருவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதை நிர்வகிப்பவர் கணவன் என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்த நிலை.

வைத்திருப்பதும் தீர்மானிப்பதும்

இந்த இடத்தில்தான் கோட்பாடு உதவிக்கு வருகிறது. இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வால் 1994 இல் வெளியிட்ட தெற்காசியப் பெண்களின் காணியுரிமை பற்றிய நூலில், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துமுறையும் ஆராயப்படுகிறது. அவர் பிரித்துக் காட்டும் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. ஒன்று, காணி யார் பெயரில் இருக்கிறது என்பது. மற்றது, அதைப் பற்றிய முடிவு யார் கையில் இருக்கிறது என்பது. முதலாவதை மட்டும் பார்த்தால் யாழ்ப்பாணப் பெண் தெற்காசியாவிலேயே பலம் மிக்கவள். இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது.

இன்னொரு கோட்பாட்டாளரான டெனிஸ் கண்டியோட்டி, 1988 இல் எழுதிய கட்டுரையில், பெண்கள் ஆணாதிக்கத்தோடு பேரம் பேசுகிறார்கள் என்றார். அதாவது முறையை மாற்ற முடியாத இடத்தில், அதற்குள்ளேயே தமக்கு எது பாதுகாப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். மகளின் பெயரில் வீடு எழுதாமல் கலியாணம் பேச மறுக்கும் தாயை இப்போது புதிதாகப் பார்க்கலாம். அவர் அறியாமையால் சீதனத்தைக் காப்பாற்றுகிறார் என்று சொன்னால் பாதிதான் சரி. மாப்பிள்ளை விட்டுப்போனாலும் மகளின் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கை மதிக்காமல் 'சீதனத்தை ஒழிப்போம்' என்று மட்டும் முழங்கும் அரசியல், அந்தத் தாயிடம் ஒருபோதும் போய்ச் சேராது.

காணியே இல்லாதவர்களை இந்தச் சித்திரம் விட்டுவிடுகிறது என்பதையும் கோட்பாடு கேட்கச் சொல்கிறது. சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு, சம்மதக் கையெழுத்துப் பிரச்சினை அடுத்த கட்டம். முதற்கட்டமான உறுதியே அவர்களிடம் இல்லை. பல ஒடுக்குமுறைகள் ஒரே ஆளின் மீது ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழுவதைக் கிம்பர்லே கிரென்ஷோ 1989 இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை வைத்து விளக்கினார். யாழ்ப்பாணத்தில் அதைச் சாதி, வர்க்கம், இடப்பெயர்வு ஆகியவற்றை வைத்து விளக்கவேண்டியிருக்கிறது.

கணவன் எங்கே என்று தெரியாதபோது

1911 இல் சட்டம் எழுதியவர்கள், கணவனின் சம்மதம் பெறமுடியாத சந்தர்ப்பங்களையும் நினைத்துப் பார்த்தார்கள். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், சிறையில் இருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெறலாம்.

இருக்குமிடம் தெரியாவிட்டால் என்ற அந்தச் சொற்றொடர், எழுதப்பட்டபோது அபூர்வமான ஒரு நிலைமையைக் குறித்திருக்கும். 2009 மே மாதத்துக்குப் பின் வடக்கில் அது ஊர் தோறும் உள்ள நிலைமை. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண் பிள்ளையின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியின் ஒரு துண்டை விற்க நினைத்தால், அவள் மனைவியுமல்ல, கைம்பெண்ணுமல்ல. தன் சொந்தக் காணிக்கு நீதிமன்றப் படி ஏறவேண்டும். அதற்குச் சட்டத்தரணியும் பணமும் நாட்களும் வேண்டும்.

இதற்கு ஒரு 'சுலபமான' வழி இருக்கிறது. கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் அவள் கைம்பெண் ஆகிவிடுவாள், கையெழுத்தும் விடுதலை பெற்றுவிடும். பலர் அந்த வழியை மறுத்தார்கள். மரணச் சான்றிதழை ஏற்பது, அவர் எங்கே என்ற கேள்வியை வாபஸ் வாங்குவது என்று அவர்கள் கருதினார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று கூறும் சான்றிதழைப் பெற வழி செய்தது. மரணத்தை ஏற்காமலேயே உதவிகளுக்கு விண்ணப்பிக்க அது இடமளித்தது. ஆனால் மனைவியின் சொந்தக் காணிக்குக் கணவனின் சம்மதம் ஏன் வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வியை அது தொடவில்லை.

தனிப்பட்டதும் அரசியல்தான் என்று பெண்நிலைவாதிகள் சொல்லும்போது அது பலருக்குச் சுலோகமாகக் கேட்கும். ஒரு காணித் துண்டு, ஒரு சான்றிதழ், ஒரு கையெழுத்து ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

ஏன் மாற்றவில்லை?

1978 அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை, பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 16 ஆவது உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்றது. இருந்தும் தேசவழமையின் 6 ஆம் பிரிவு 16 ஆவது உறுப்புரையின் நிழலில் பாதுகாப்பாக இருக்கிறது.

அதைத் தொடத் தமிழ் அரசியல் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தேசவழமை தமிழரின் தனித்துவத்துக்கான சட்டச் சான்று. காணியை வெளியாருக்கு விற்கமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலிடம் தரும் ஏற்பாடும் அதில் உண்டு. நிலம் பறிபோகும் அச்சத்தில் வாழும் ஒரு சமூகம், தன் காணிச் சட்டத்தில் கொழும்பு கைவைப்பதைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. இந்த அச்சத்தைக் கேலி செய்யும் பெண்நிலைவாதம் வடக்கில் வேர்விடாது.

ஆனால் பங்காளிகளின் முன்னுரிமையும் கணவனின் சம்மதமும் இரண்டு வேறு ஏற்பாடுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். மனைவி தன் காணியை விற்கக் கணவனைக் கேட்பதால் தமிழரின் நிலம் காப்பாற்றப்படுவதில்லை. கணவன் தன் காணியை எவரையும் கேட்காமல் விற்பதை அந்தப் பிரிவு தடுக்கவும் இல்லை. இனத்தின் பெயரால் பெண்ணின் கோரிக்கை தள்ளிவைக்கப்படும்போது, எது இனத்தின் நலன், எது ஆணின் வசதி என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சியே பெண்நிலை அரசியல்.

இது இறக்குமதியா?

பெண்நிலைவாதம் மேற்கிலிருந்து வந்தது என்ற குற்றச்சாட்டுக்கு இலங்கையரான குமாரி ஜயவர்தன 1986 இல் ஒரு நூலாலேயே பதில் சொன்னார். ஆசிய நாடுகளின் பெண்விடுதலைப் போராட்டங்கள் அந்தந்த நாட்டு வரலாற்றிலிருந்து எழுந்தவை என்பது அவரது வாதம். அந்நூல் இன்று உலகெங்கும் பட்டப்பின் வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்துக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. மங்களம்மாள் மாசிலாமணி 1923 இலேயே 'தமிழ் மகள்' என்ற இதழைத் தொடங்கினார். 1986 இல் யாழ்ப்பாணத்தில் இயங்கிய பெண்கள் ஆய்வு வட்டம், பத்துப் பெண்களின் கவிதைகளைச் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த சித்திரலேகா மௌனகுரு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பெண்நிலைச் சிந்தனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். கொழும்பில் செல்வி திருச்சந்திரன் தலைமையில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் 'நிவேதினி' இதழைத் தமிழிலும் வெளியிட்டது.

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் விலையும் கொடுத்தார்கள். யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவரும் 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவருமான ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 'பூரணி' இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 'தோழி' இதழை நடத்திய மாணவியும் கவிஞருமான செல்வி, 1991 ஓகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார். அவர் திரும்பவில்லை. பெண்நிலைக் கோட்பாடு வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இந்தத் திகதிகளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அதைப் படிச்சு என்ன வேலை?

இனி முதலாவது கேள்வி. கொழும்புப் பல்கலைக்கழகம் பெண்கள் கற்கையில் பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி மட்டங்களில் கற்பித்து வந்துள்ளது. தமிழ்நாட்டில் 1984 இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உட்பட சில பல்கலைக்கழகங்களில் மகளிரியல் துறைகள் உள்ளன. எங்கு போனாலும் வடக்கிலிருந்து போகும் மாணவியை முதலில் தடுப்பது மொழி. வாசிப்புப் பட்டியலின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் எழுதப்பட்ட தொகுப்புகளும் இதழ்களும் நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. எனவே படித்து முடிப்பவர் செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, படித்ததைத் தமிழில் எழுதிவைப்பது.

வேலை என்று பார்த்தால், பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சட்ட உதவி அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள், பாடசாலைகள், ஊடகங்கள் இருக்கின்றன. பெண் தலைமைத்துவக் குடும்பம் ஒன்றின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, அதில் 'கணவனின் கையொப்பம்' என்ற வெற்றுக் கோட்டைப் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

வெளிக்கள நிலையத்தின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நீரேரியில் இறங்கி, கண்ணால் பார்த்து, குறித்துக்கொண்டு, பிறகுதான் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும் என்பது உயிரியல் மாணவர்களுக்குச் சொல்லப்படுவது. பால்நிலைக் கற்கை மாணவிக்கும் வெளிக்களம் தூரத்தில் இல்லை. அம்மாவின் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்து, யார் பெயரில் இருக்கிறது, யார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், யாருடைய கையெழுத்து இல்லாமல் அது செல்லாது என்று மூன்று வரி குறித்துக்கொள்ளட்டும். பிறகு அம்மாவிடமே கேட்கட்டும்: "அம்மா, இந்தக் காணியை விக்கிறதெண்டு எப்பவாவது நீங்களாய் நினைச்சனீங்களா?"